ஸ்பானிய வினைச்சொற்கள்: அசை பிரிப்பதும் அழுத்தம் கண்டுபிடிப்பதும்

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். ஸ்பானிய வினைகளை அசை அசையாகப் பிரித்து, அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று குறிக்கும் பயிற்சியில் சில இடங்கள் பிடிபடவில்லை.

1. 'பேசு' என்ற பொருளுள்ள அப்லர், அப்-லர் ஆகுமா, அ-ப்லர் ஆகுமா? த்ரன்ஸ்க்ரிபிர் (பார்த்து எழுது) மாதிரி மெய்கள் குவிந்து கிடந்தால் எங்கே வெட்டுவது?

2. சொல் உயிரிலோ, ன், ஸ் இரண்டிலோ முடிந்தால் ஈற்றயல் அசையில் அழுத்தம், வேறு மெய்யில் முடிந்தால் ஈற்றசையில் அழுத்தம், இதை மீறினால் உயிரின்மேல் தில்தெக் குறி. இது தெரியும். ஆனால் எழுதி வைத்த சொல்லை வாசிக்கத்தான் இது உதவுகிறது. வினையை நானே காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்பத் திரிக்கும்போது அழுத்தம் எங்கே போகும் என்று எப்படி அறிவது?

3. எஸ்துத்யர் (படி), என்ப்யர் (அனுப்பு) இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன. 'நான்' வடிவத்தில் ஒன்றுக்குத் தில்தெ உண்டு, மற்றதற்கு இல்லை. ஏன்?

4. வினையின் வாலில் மெ, லொ ஒட்டினால் சில இடங்களில் தில்தெ வருகிறது, சில இடங்களில் வருவதில்லை. எப்போது?

---

சொல்லுழவு:

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். பிரிப்பு சரியாக இல்லாவிட்டால் அழுத்தக் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது, ஆகவே இதில் அவசரப்பட வேண்டாம்.

குறியீட்டைச் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் பெறும் அசை சதுர அடைப்புக்குள் இருக்கும். ஸ்பானிய எழுத்தில் அந்த உயிர்மேல் தில்தெ இருந்தால் அசையின் முடிவில் ´ போடுகிறேன். ஒலிக்காத எழுத்தான ஆச்செயை எழுதவில்லை. நாக்கை உருட்டிச் சொல்லும் ரகரத்துக்கு ற. உயிர்களை எல்லாம் குறிலாகவே எழுதுகிறேன். இதற்குக் காரணம் உண்டு. ஸ்பானியத்தில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. தமிழ்ச் சொற்களின் இறுதியில் எ, ஒ என்ற குறில்கள் வருவதில்லை ('நொ' போன்ற அரிய விதிவிலக்கு தவிர). அதனால் நம் வாய் தானாகவே [அ]-ப்லொ என்பதை 'அப்லோ' என்று நீட்டிவிடும். நீண்ட உயிரை ஸ்பானியர் அழுத்தம் என்றே கேட்பார்கள். 'பேசுகிறேன்' என்று நீங்கள் சொன்னது அவர் காதில் அ-[ப்லொ´], அதாவது 'பேசினார்' என்று விழும்.

அடுத்து, நம் யாப்பின் அசையை இங்கே கொண்டுவரக் கூடாது. 'கமினர்' (நட) என்பதை யாப்பு முறையில் பிரித்தால் கமி-னர், நிரை நேர், இரண்டு அசை. ஸ்பானியத்தில் இரண்டு குறில் சேர்ந்து ஓர் அசை ஆவதில்லை. க-மி-[னர்], மூன்று அசை.

மெய்களுக்கு வருவோம்.

இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரே மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போகும்: கொ-[மெர்] (சாப்பிடு), பி-[பிர்] (வாழ்). உருட்டும் ற எழுத்தில் இரட்டையாக இருந்தாலும் ஒரே மெய்தான்: கொ-[றெர்] (ஓடு).

இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கொன்றாகப் பிரியும்: கன்-[தர்] (பாடு), புஸ்-[கர்] (தேடு). ஆனால் பிரியாத கூட்டு 12 இருக்கின்றன. வன்மையான ப், மென்மையான ப், ஃப், வன்மையான க், மென்மையான க் ஆகிய ஐந்தோடு ல் அல்லது ர் சேர்ந்தால் 10. வன்மையான த், மென்மையான த் இரண்டோடு ர் சேர்ந்தால் இன்னும் 2. இவை எப்போதும் ஒன்றாக அடுத்த அசையைத் தொடங்கும். ஆகவே அ-[ப்லர்] என்பதே சரி, அப்-லர் தவறு. தமிழில் மெய் முன்னெழுத்தோடு ஒட்டியே நிற்கும், அந்தப் பழக்கம்தான் இங்கே இழுக்கிறது. 'திற' என்பதும் அ-[ப்ரிர்].

மூன்று மெய் வந்தால் கடைசி இரண்டையும் பாருங்கள். அவை அந்த 12-இல் ஒன்றானால் முதல் மெய் மட்டும் முன்னசையை மூடும்: கொம்-[ப்ரர்] (வாங்கு), என்-[த்ரர்] (நுழை). இல்லையென்றால் முதல் இரண்டும் முன்னசைக்கு: கொன்ஸ்-[தர்]. நான்கு மெய் என்றால் இரண்டு இரண்டு: த்ரன்ஸ்-க்ரி-[பிர்]. ஸ்பானியத்தில் ஸ் வேறொரு மெய்யைக் கூட்டிக்கொண்டு அசையைத் தொடங்கவே தொடங்காது. எஸ்-[தர்] (இரு), எஸ்-க்ரி-[பிர்] (எழுது). எ-ஸ்தர் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

உயிர்களில்தான் பெரும்பாலான தவறுகள். அ, எ, ஒ மூன்றும் வலிய உயிர்கள், இ, உ இரண்டும் மெலிய உயிர்கள். வலியவை இரண்டு அடுத்தடுத்து வந்தால் தனித்தனி அசை: லெ-[எர்] (வாசி), க்ரெ-[அர்] (படை). மெலிந்தது ஒன்றும் வலியது ஒன்றும் சேர்ந்தால் ஓரசை: [பை]-லொ (ஆடுகிறேன்), [ப்யென்]-ஸொ (நினைக்கிறேன்), [த்வெர்]-மொ (தூங்குகிறேன்). ஆனால் அழுத்தம் அந்த மெலிய உயிரிலேயே விழுந்தால் இரண்டும் பிரியும், தில்தெ கட்டாயம் வரும்: கொ-[மி´]-அ, ஒ-[இர்´] (கேள்). நடுவில் ஆச்செ இருந்தாலும் இல்லாத மாதிரிதான் கணக்கு: ப்ரொஇ-[பிர்] (தடை செய்) இரண்டே அசை, ப்ரொ-[இ´]-பொ (தடை செய்கிறேன்) மூன்று.

தமிழில் எழுதிப் பழகுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நாம் இரண்டு உயிர்களுக்கு நடுவே உடம்படுமெய் போடுவோம். 'கம்பியா', 'என்பியா' என்று எழுதினால் இரண்டும் ஒரே அச்சு. உண்மையில் முதலாவது [கம்]-ப்ய (மாற்றுகிறார்), இரண்டு அசை. மற்றது என்-[பி´]-அ (அனுப்புகிறார்), மூன்று அசை. தமிழ் எழுத்து மறைத்துவிடும் இந்த வேறுபாடுதான் உங்கள் மூன்றாம் கேள்வியின் வேர். அதனால் பயிற்சியை ஸ்பானிய எழுத்திலேயே செய்யுங்கள். தமிழில் குறித்தே ஆகவேண்டுமானால் ஓரசையாக ஒலிப்பதை ப்ய, த்யொ, ன்வொ என்று புள்ளி வைத்த மெய்யோடு எழுதுங்கள், பி-ய என்று உயிர் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. யெ-[கெ´] (வந்து சேர்ந்தேன்), புஸ்-[கெ´] (தேடினேன்) ஆகியவற்றில் எழுத்தில் ஓர் உகரம் தெரியும். அது ககர ஒலியைக் காட்ட மட்டுமே, உயிராக எண்ணக் கூடாது. உகரத்தின்மேல் இரட்டைப் புள்ளி இருந்தால் மட்டும் ஒலிக்கும்: அ-பெ-ரி-[க்வெ´] (விசாரித்து அறிந்தேன்).

---

தெற்குச்சாளரம்:

இரண்டாம் கேள்விக்கு. நீங்கள் சொன்ன ஈற்று விதி தில்தெ போடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கத்தான். அழுத்தம் எங்கே என்பதைத் தீர்மானிப்பது வினையின் காலமும் இடமும். பகுதி, விகுதி என்று பிரித்துப் பார்த்தால் எளிதில் பிடிபடும்.

நிகழ்காலத்தில் 'நான், நீ, அவர், அவர்கள்' நான்கிலும் அழுத்தம் பகுதியின் கடைசி உயிரில்: [அ]-ப்லொ, [அ]-ப்லஸ், [அ]-ப்ல, [அ]-ப்லன். 'நாம்', ஸ்பெயினில் வழங்கும் 'நீங்கள்' இரண்டிலும் விகுதியில்: அ-[ப்ல]-மொஸ், அ-[ப்லைஸ்´].

பகுதி உயிர் மாறும் வினைகளின் சூட்சுமமும் இதுதான். [ப்யென்]-ஸொ ஆனால் பென்-[ஸ]-மொஸ். [த்வெர்]-மொ ஆனால் தொர்-[மி]-மொஸ். அழுத்தம் விழும்போதுதான் எ என்பது யெ ஆகிறது, ஒ என்பது வெ ஆகிறது. லத்தீனின் குறுகிய எ, ஒ ஒலிகள் அழுத்தத்தின் கீழ் ஸ்பானியத்தில் இப்படி உடைந்தன. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டால் 'நாம்' வடிவத்தில் ஏன் மாறவில்லை என்று கேட்கவே தேவையிராது.

பகுதியின் கடைசி உயிர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெயர்ச்சொல்லை வைத்து வினையை ஊகித்தால் தவறிவிடும். 'தொழிற்சாலை' [ஃப´]-ப்ரி-க, 'உற்பத்தி செய்கிறார்' ஃப-[ப்ரி]-க. ஒரே எழுத்துக்கோவை மூன்று சொல்லாவதும் உண்டு: [பு´]-ப்லி-கொ (பொது), பு-[ப்லி]-கொ (வெளியிடுகிறேன்), பு-ப்லி-[கொ´] (வெளியிட்டார்). [தெர்´]-மி-னொ (முடிவு), தெர்-[மி]-னொ (முடிக்கிறேன்), தெர்-மி-[னொ´] (முடித்தார்) இன்னொரு மூன்று.

முடிந்த இறந்தகாலத்தில் அழுத்தம் விகுதிக்குப் போய்விடும்: அ-[ப்லெ´], அ-[ப்லஸ்]-தெ, அ-[ப்லொ´], அ-[ப்ல]-மொஸ், அ-[ப்ல]-ரொன். தில்தெ 'நான்', 'அவர்' இரண்டில் மட்டும். ஆனால் பகுதியே உருமாறும் வினைகள் உண்டு. அவற்றில் இந்த இரண்டு வடிவமும் பகுதியிலேயே அழுத்தம் பெறும், தில்தெ கிடையாது: [து]-பெ, [து]-பொ (என்னிடம், அவரிடம் இருந்தது), [தி]-ஹெ, [தி]-ஹொ (சொன்னேன், சொன்னார்). மற்ற வடிவங்களில் வழக்கம்போல் விகுதியில்: து-[பிஸ்]-தெ, து-[பி]-மொஸ். 'சொன்னார்' என்பதற்குத் தில்தெ போடுவது மிகப் பரவலான பிழை.

தொடர் இறந்தகாலத்தில் ஆறு வடிவங்களிலும் அழுத்தம் ஒரே உயிரில் நிற்கும், அசையாது. அ-[ப்ல]-ப என்பதற்கு ஈற்றயலில் அழுத்தம், தில்தெ வேண்டாம். 'நாம்' வடிவத்தில் ஓர் அசை கூடுவதால் அதே உயிர் ஈற்றிலிருந்து மூன்றாவது அசைக்குத் தள்ளப்படுகிறது: அ-[ப்ல´]-ப-மொஸ். ஈற்றிலிருந்து மூன்றாம் அசையில் அழுத்தம் வந்தால் எப்போதும் தில்தெ. கொ-[மி´]-அ வகையில் ஆறிலும் தில்தெ, காரணம் சொல்லுழவு மேலே சொன்ன உயிர்ப் பிரிவு. நிபந்தனை வடிவமும் அதே: அ-ப்ல-[ரி´]-அ.

எதிர்காலத்தில் எப்போதும் விகுதியில்: அ-ப்ல-[ரெ´], அ-ப்ல-[ரஸ்´], அ-ப்ல-[ர´], அ-ப்ல-[ரன்´]. 'நாம்' மட்டும் அ-ப்ல-[ரெ]-மொஸ், தில்தெ இல்லை. இங்கே தில்தெயை விட்டால் வேறு வடிவமாகிவிடும்: அ-ப்ல-[ர´] 'பேசுவார்', அ-[ப்ல]-ர 'பேசினால்' என்பதற்கு வரும் வடிவம். அதேபோல் [அ]-ப்லெ என்றால் மரியாதை ஏவல், 'பேசுங்கள்'. அ-[ப்லெ´] என்றால் 'பேசினேன்'.

எச்ச வடிவங்களில் குழப்பமில்லை. வினையின் மூல வடிவம் ரகரத்தில் முடிவதால் ஈற்றசை. அ-[ப்லன்]-தொ (பேசிக்கொண்டு), அ-[ப்ல]-தொ (பேசிய) இரண்டும் ஈற்றயல்.

---

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. எதிர்காலமும் தொடர் இறந்தகாலமும் தெளிவு. எஸ்துத்யர், என்ப்யர் விஷயத்தில் ஒரு வினை எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா?

---

மெய்ம்மயக்கம்:

யர் என முடிபவற்றுக்கு முழுமையான விதி கிடையாது. இரண்டு குடும்பம்.

ஒன்று [கம்]-ப்யொ வகை. இகரம் அடுத்த உயிரோடு ஒட்டியே இருக்கும்: எஸ்-[து]-த்யொ (படிக்கிறேன்), [லிம்]-ப்யொ (சுத்தம் செய்கிறேன்), [கொ]-ப்யொ (நகல் எடுக்கிறேன்), ப்ரொ-[னுன்]-ஸ்யொ (உச்சரிக்கிறேன்). இதில்தான் வினைகள் அதிகம். தெரியாத வினையானால் இங்கே வைத்து, அகராதியில் சரிபாருங்கள்.

மற்றது என்-[பி´]-ஒ வகை. இகரம் அழுத்தம் வாங்கித் தனி அசையாகும்: கொன்-[ஃபி´]-ஒ (நம்புகிறேன்), [கி´]-ஒ (வழிகாட்டுகிறேன்), எஸ்-[கி´]-ஒ (பனிச்சறுக்குகிறேன்), என்-[ஃப்ரி´]-ஒ (குளிரவைக்கிறேன்).

உறவுச் சொல்லைப் பார்ப்பது பாதி வழி கைகொடுக்கும். 'குளிர்' [ஃப்ரி´]-ஒ, ஆகவே வினையும் அப்படியே. 'படிப்பு' எஸ்-[து]-த்யொ, வினையும் அப்படியே. ஆனால் அங்கேயே பள்ளமும் இருக்கிறது. 'அகலமான' [அம்]-ப்ல்யொ, 'விரிவாக்குகிறேன்' அம்-[ப்லி´]-ஒ. 'எதிரான' கொன்-[த்ர]-ர்யொ, 'எரிச்சலூட்டுகிறேன்' கொன்-த்ர-[ரி´]-ஒ. 'வேறுபடுகிறேன்' ப-[ரி´]-ஒ என்பதும் இப்படித்தான்.

இந்தத் தில்தெ எல்லா வடிவத்திலும் வராது என்பதையும் மறக்காதீர்கள். பகுதியில் அழுத்தம் விழும் இடங்களில் மட்டுமே: என்-[பி´]-ஒ, ஆனால் என்-[ப்ய]-மொஸ்.

வர் என முடிபவை எளிது. அதற்கு முன் ககர ஒலி (வன்மையோ மென்மையோ) இல்லையென்றால் உகரம் தனி அசை: அக்-[து´]-ஒ (செயல்படுகிறேன்), எ-ப-[லு´]-ஒ (மதிப்பிடுகிறேன்). மென்மையான ககரம் இருந்தால் ஒட்டியே இருக்கும்: அ-பெ-[ரி]-க்வொ. வன்மையான ககரம் உள்ள எ-ப-[க்வர்] (வெளியேற்று), அ-தெ-[க்வர்] (பொருத்து) போன்றவற்றில் இன்று இரு வடிவமும் ஏற்கப்படுகின்றன. கொன்-[தி]-ன்வொ (தொடர்ச்சியான), கொன்-தி-[னு´]-ஒ (தொடர்கிறேன்), கொன்-தி-[ன்வொ´] (தொடர்ந்தார்): இந்த மூன்றையும் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒட்டுவதும் பிரிவதும் காதுக்குப் பிடிபட்டுவிடும்.

பகுதியின் நடுவில் இரட்டை உயிர் உள்ள வினைகளும் இரு வகை. [கௌ]-ஸொ (காரணமாகிறேன்) ஒட்டியே இருக்கும். ஐஸ்-[லர்] (தனிமைப்படுத்து) அ-[இஸ்´]-லொ ஆகும், றெஉ-[னிர்] (ஒன்றுசேர்) றெ-[உ´]-னொ ஆகும்.

---

தெற்குச்சாளரம்:

நான்காம் கேள்வி பாக்கி இருக்கிறது. ஒட்டும் சொற்கள் (மெ, தெ, லொ, லெ, ஸெ, னொஸ்...) தமக்கென அழுத்தம் இல்லாதவை. வினையின் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும், அசை மட்டும் கூடும். ஒட்டிய பிறகு முழுவதையும் ஒரே சொல்லாக எண்ணி ஈற்று விதியைப் போடுங்கள்.

[கொம்]-ப்ர (வாங்கு): ஈற்றயல். [கொம்´]-ப்ர-மெ: ஈற்றிலிருந்து மூன்றாம் அசையானதால் தில்தெ. [கொம்´]-ப்ர-மெ-லொ: நான்காம் அசை, அப்போதும் தில்தெ. கொம்-[ப்ரர்]-லொ: ஈற்றயலில்தான் நிற்கிறது, வேண்டாம். கொம்-[ப்ரன்´]-தொ-லொ: வேண்டும். ஓரசை வினையிலும் இதே கணக்கு: [த]-மெ (எனக்குக் கொடு) தில்தெ இல்லை, [த´]-மெ-லொ (அதை எனக்குக் கொடு) உண்டு.

எஸ்-[த´] போலத் தனியாகத் தில்தெ உள்ள வினையோடு ஒட்டினாலும் புதிய சொல்லைத்தான் பார்க்க வேண்டும்: எஸ்-[த]-தெ, தில்தெ போய்விடும். முன்பு அதை வைத்திருந்தார்கள், ஸ்பானிய அரச அகாடமியின் 1999 எழுத்திலக்கணம் பொது விதிக்குள் கொண்டுவந்தது. பழைய பதிப்புப் புத்தகத்தில் தில்தெயோடு பார்த்தால் திகைக்க வேண்டாம்.

அர்ஜென்டினா, உருகுவே பக்கம் 'நீ' என்பதற்கு வொஸ் (பொஸ்) வழங்குகிறது. அதன் நிகழ்காலமும் ஏவலும் ஈற்றசையில் அழுத்தம் பெறும்: அ-[ப்லஸ்´], அ-[ப்ல´]. ஒட்டுச் சொல் வந்தால் கணக்கு தலைகீழாகும். ஸ்பெயினில் [மி´]-ர-மெ (என்னைப் பார்), புவெனஸ் ஐரிஸில் மி-[ர]-மெ. இரண்டும் சரி. அர்ஜென்டினப் பத்திரிகையில் தில்தெயை விட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

---

சொல்லுழவு:

இ, உ இரண்டும் அடுத்தடுத்து வருவதைப் பற்றி நான் போதிய அளவு சொல்லவில்லை. எழுத்து விதியில் அவை எப்போதும் ஓரசை. வாயில் பலர் பிரித்தே சொல்வார்கள், அது தில்தெயைப் பாதிக்காது. கொன்ஸ்-[த்ருஇர்] (கட்டு) இரண்டு அசை. ஓடிப்போ என்ற பொருளுள்ள 'உஇர்' ஓரசை, 'ஓடிப்போனேன்' என்ற 'உஇ' ஓரசை. 1999-இல் உஇ போன்றவற்றைத் தில்தெயோடும் எழுதலாம் என்று விட்டிருந்தார்கள். 2010 எழுத்திலக்கணத்தில் ஸ்பானிய அரச அகாடமி அந்த விலக்கை எடுத்துவிட்டது. ஓரசைச் சொல்லுக்குத் தில்தெ இல்லை என்பதே பொது விதி. ஃபுஇ (போனேன்), ஃப்வெ (போனார்), த்யொ (கொடுத்தார்), ப்யொ (பார்த்தார்) நான்கும் 1959-லேயே தில்தெயை இழந்தவை. ஒரே ஒலியில் வேறு சொல் இருந்தால் மட்டும் வேறுபடுத்தத் தில்தெ வரும்: 'கொடுக்கட்டும்' என்ற தெ´, 'உடைய' என்ற தெ.

---

வைகைக்கரை:

பயிற்சியில் இருந்த எட்டையும் பிரித்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

றெ-கொ-[ஹெர்] (பொறுக்கு)
அ-[ப்ரி´] (திறந்தேன்)
[ஸ்யென்´]-த-தெ (உட்கார்)
ஒ-[இ]-மொஸ் (கேட்கிறோம்)
கொன்ஸ்-த்ரு-[இ´]-தொ (கட்டப்பட்ட)
த்ர-[ஹெ]-ரொன் (கொண்டுவந்தார்கள்)
லிம்-[ப்யைஸ்´] (நீங்கள் சுத்தம் செய்கிறீர்கள்)
பி-[பி´]-ஐஸ் (நீங்கள் வாழ்ந்துவந்தீர்கள்)

---

மெய்ம்மயக்கம்:

ஆறு சரி. நான்காவதில் பிரிப்பு சரி, ஆனால் தில்தெ வேண்டும்: ஒ-[இ´]-மொஸ். ஸகரத்தில் முடிகிறது, ஈற்றயலில் அழுத்தம், ஆகவே வேண்டாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். வலிய உயிரின் பக்கத்தில் மெலிய உயிர் அழுத்தம் வாங்கினால் அந்த ஈற்று விதியைக் கேட்கவே கூடாது, தில்தெ கட்டாயம். லெ-[இ´]-தொ (வாசித்த), க-[இ´]-தொ (விழுந்த) எல்லாம் இப்படி.

ஐந்தாவது அதன் எதிர்ப்பக்கம். அங்கே இருப்பவை இரண்டும் மெலிய உயிர்கள், பிரியவே பிரியாது: கொன்ஸ்-[த்ருஇ]-தொ, மூன்று அசை, தில்தெ இல்லை. லெ-[இ´]-தொ-வைப் பார்த்துப் பழகிய கை இதிலும் தில்தெ போட்டுவிடும், ஸ்பானியரே அடிக்கடி செய்யும் பிழை இது.

கடைசி இரண்டையும் வேறுபடுத்தியது நன்று. இரண்டிலும் மூன்று உயிர்கள் வரிசையாக நிற்கின்றன. லிம்-[ப்யைஸ்´] என்பதில் அழுத்தம் நடுவில் உள்ள அகரத்தில், அதனால் இருபக்க இகரமும் அதோடு ஒட்டி மூன்றும் ஓரசை. பி-[பி´]-ஐஸ் என்பதில் அழுத்தம் முதல் இகரத்தில், அதனால் அது பிரிந்து, மீதி இரண்டும் சேர்ந்து ஐ ஆகிறது.